புத்தி தெரிஞ்ச பொறவு போலாமுங்க!

அந்தியூர்ப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில், "லீவுக்குப் பிள்ளைங்களை எல்லாம் கூட்டிட்டு சிங்கப்பூர் போயிட்டு வரலாமா" என்று ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர்கள் யோசிப்பதற்கு முன்பே சொந்தக்காரர்களிடம் இருந்து பதில் வந்துவிடும்.

"ஏனுங்க மாப்ள, அதுங்களுக்கு என்னங்க தெரியப் போகுது? தண்டச் செலவுங்க. புத்தி தெரிஞ்ச பொறவு கூட்டிட்டுப் போனாப் போதாதுங்களா?"

சொல்பவர் மாமனாராக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம், வெற்றிலை மண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராகக்கூட இருக்கலாம். வார்த்தை மட்டும் மாறாது. கேட்டவரும் தலையாட்டிவிட்டு, "அதுவும் சரிதானுங்க" என்று ஊட்டிக்கு வேன் பேசிவிடுவார். விஷயம் முடிந்தது.

சரியே இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. பொறுப்பான பேச்சு மாதிரி காதில் விழும் இந்த "புத்தி தெரிஞ்ச பொறவு", உண்மையில் "எப்போதும் வேண்டாம்" என்பதற்கு மரியாதையான வார்த்தை. எப்படி என்று கேட்கிறீர்களா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

கொங்கு நாட்டில் இப்போது ஒரே வீட்டில் அஞ்சாறு பிள்ளைகள் கிடையாது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளை என்கிறது 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு. ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. ஆகவே "நிறையக் குழந்தைகளோடு டூர்" என்றால் அது அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், அத்தை குடும்பம் எல்லாம் சேர்ந்து கிளம்புவதுதான். உதாரணத்துக்கு ஐந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 3, 5, 7, 8, 10.

மூத்தவனுக்கு 10. இன்னும் நாலு வருடத்தில் ஒன்பதாம் வகுப்பு. ஈரோடு, நாமக்கல் பக்கத்து ஸ்கூல்களைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், ஹாஸ்டல், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், மே மாதம் நீட் கோச்சிங். பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் 2018 மார்ச்சில் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தது அரசு. அப்போதாவது லீவு கிடைத்ததா? இல்லை, இன்னொரு டெஸ்ட் வந்தது. மூத்தவன் வெளியே வரும்போது அடுத்தவள் உள்ளே போயிருப்பாள். அவள் வரும்போது இவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருப்பான். ஐந்து பேருக்கும் ஒரே ஏப்ரலில் லீவு கிடைப்பது இந்த நாலு வருடத்துக்குள் மட்டும்தான். "புத்தி தெரிஞ்ச" வயதில் அவர்களுக்கு லீவே இருக்காது. கல்யாண மண்டபத்தில் சந்தித்து, "எங்கடா இருக்கே இப்போ" என்று கேட்டுக்கொள்வார்கள்.

கூடப் பிறந்தவர் இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பா மகனும் அத்தை மகளும்தான் அண்ணன், அக்கா. அவர்களோடு ஒரே அறையில் நாலு ராத்திரி படுத்து, ஒருத்தர் போர்வையை ஒருத்தர் இழுத்துச் சண்டை போடும் வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை முறை கிடைக்கும்? இதற்கு எதற்கு சிங்கப்பூர், அந்தியூரிலேயே சண்டை போடலாமே என்பீர்கள். அந்தியூரில் ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு டியூஷன், ஆளுக்கொரு செல்போன். பெரியவர்களுக்கோ தோட்டம், கடை, மண்டி. ஃபோன் வந்தால் எழுந்து போய்விடுவார்கள். ஊரைவிட்டு நாலரை மணி நேரம் பறந்தால்தான் அப்பாவையே பிடித்து உட்கார வைக்க முடிகிறது. விமானம் அதற்குத்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்து, "அதுங்களுக்கு ஞாபகமே இருக்காதுங்க" என்ற வாதம். மூன்று மூன்றரை வயதுக்கு முன் நடந்தது பெரும்பாலோருக்குப் பின்னால் நினைவில் நிற்பதில்லை என்பது உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் இதே பெரியப்பா இதே குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தினாரே, அது அதற்கு ஞாபகம் இருக்கப் போகிறதா? மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, தாய்மாமன் சீர் தட்டு வரிசை வைத்து, கெடா வெட்டி, ஊருக்கே பிரியாணி போட்டு, ஃபிளெக்ஸ் வைத்து... அந்த முழு நாளில் குழந்தை செய்தது ஒரே ஒரு வேலை, வீல் வீலென்று கத்தியது. விழா நாயகனுக்கு அன்று நடந்த எதுவுமே தெரியாது. அதைத் தண்டச் செலவு என்று யாராவது சொன்னார்களா? சொல்லித்தான் பாருங்களேன், அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வராது.

"மொய் திரும்ப வருமுங்களே" என்பார்கள். நல்லது, கணக்குக்கே வருவோம். மொய் என்பது வருமானம் இல்லை, கடன். நோட்டில் எழுதி வைத்து, அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் சேர்த்துத் திருப்ப வேண்டியது. ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கம் போக வேண்டியதை லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் நம் ஆட்கள். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் நீள்பயன் வருவாயினச் செலவு என்று ஒன்று வரும். பணம் ஒரே வருடத்தில் போய்விடும், பலன் பல வருடங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். உதாரணம் கேட்டால் எல்லோரும் விளம்பரச் செலவு என்று எழுதுவார்கள். ஐந்து பிள்ளைகளை ஒன்றாக வெளியூர் கூட்டிப் போவதையும் தாராளமாக எழுதலாம், மார்க் போடுவார்களா என்பதுதான் சந்தேகம் :-)

அது மட்டுமில்லை, நினைவு என்பது தனித்தனி ஆளின் சொத்து இல்லை. மூன்று வயதுக்காரனுக்கு மறந்துபோகும். பத்து வயது அண்ணன் மறக்க மாட்டான். "நீ அங்க டிரெய்ன்ல தூங்கிட்டடா, உன்ன நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்று அவன் நூறு தடவை சொல்லச் சொல்ல அது தம்பிக்கும் கதையாகிவிடும். வீட்டுக் கதைகள் எல்லாமே அப்படித்தானே உருவாகின்றன.

சரி, செலவு. இங்கே பூசி மெழுக வேண்டாம். செலவுதான்.

பாஸ்போர்ட் ஒரு பிள்ளைக்கு 1000 ரூபாய், எட்டு வயதுக்குக் கீழ் என்றால் பத்து சதவீதம் தள்ளுபடி போக 900. மேலே சொன்ன ஐவருக்கும் சேர்த்து 4700. காதுகுத்து ஃபிளெக்ஸ் செலவில் முடிந்துவிடும். அது ஐந்து வருடத்துக்குச் செல்லும். விமானத்தில் இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடியில் இடம், கட்டணம் சொற்பம். இரண்டு முடிந்துவிட்டால் தனி சீட். போகும்போது இரண்டு நிறையாமல் இருந்து, திரும்பும் தேதிக்குள் பிறந்தநாள் வந்துவிட்டால் திரும்புவதற்கு சீட் வாங்க வேண்டும், கவனம். குறைந்த கட்டண விமானங்களில் மூன்று வயதுக்காரனுக்கும் முப்பது வயதுக்காரருக்கும் ஒரே விலைதான். "இத்துனூண்டு பையனுக்கு முழு டிக்கெட்டா" என்று கோபம் வரும். இந்திய ரயில்வே மட்டும் என்ன செய்கிறது? 2016 ஏப்ரல் 21 முதல் ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம்தான். அதை யாரும் திட்டுவதில்லை. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இரங்கியது நம்ம ஊர் அரசு பஸ்தான், 2022ல் இருந்து ஐந்து வயது வரை இலவசம்.

விசா விஷயத்தில் மலேசியா நல்லவர். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்று சொல்லி, அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்குக் கைக்குழந்தைக்கும் தனி விசா எடுக்க வேண்டும். ஆனால் கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது விசாக் கட்டணத்தைவிடப் பெரிய விஷயம். அந்தியூரில் ஏறினால் பவானி, பெருந்துறை, அவினாசி, பீளமேடு. அவ்வளவுதான். சென்னை போய் மாற வேண்டியதில்லை.

தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டூர் கம்பெனியில் வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு தொகை சேர்த்து வாங்குவார்கள். 2020 அக்டோபரில் ஆரம்பித்தது. 2023 அக்டோபரில் ஏழு லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம் என்று ஏற்றினார்கள். பிறகு வரம்பைப் பத்து லட்சமாக்கினார்கள். 2026 பட்ஜெட்டில் எல்லாவற்றுக்கும் 2 சதவீதம் போதும் என்று இறக்க முன்மொழிந்தார்கள். எத்தனை சதவீதமாக இருந்தாலும் இது தனி வரி இல்லை, முன்கூட்டியே பிடித்து வைக்கும் பணம். ரிட்டர்ன் போட்டால் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். இங்கேதான் சிக்கல். மஞ்சளும் கரும்பும் வாழையும் போடுகிறவர், "விவசாய வருமானத்துக்கு வரி இல்லைங்க, நமக்கெதுக்கு ரிட்டர்ன்" என்று விட்டுவிடுவார். பிடித்த பணம் பிடித்தபடியே கிடக்கும். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்ததை எண்ணி எண்ணிப் புலம்புகிறவர் இதைக் கேட்காமல் விட்டுவிடுவதுதான் வேடிக்கை.

கடன் வாங்கி, இஎம்ஐ போட்டு டூர் போகச் சொல்லவில்லை. அது முட்டாள்தனம். கையில் காசு இருந்தும், காதுகுத்துக்கு அவிழ்க்கிற முடிச்சைப் பிள்ளைகளுக்கு என்று வரும்போது இறுக்குகிறவர்களிடம்தான் இந்த வழக்கு.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழந்தைகளோடு வெளிநாடு போய்வந்த பலர், "போதுமடா சாமி" என்றுதான் திரும்புகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பழியைப் பிள்ளைகள் மேல் போடுகிறார்கள். குற்றவாளி வேறு ஆள். பேக்கேஜ்!

"சிங்கப்பூர் மலேசியா, 6 இரவு 7 பகல், 18 இடங்கள்" என்கிற மாதிரி நோட்டீஸைப் பார்த்ததும் நம் ஆட்களின் கை தானாகவே வகுத்தல் கணக்குப் போடும். மொத்தத் தொகை வகுத்தல் இடங்கள். ஒரு இடத்துக்கு இவ்வளவுதான் விழுகுது, பரவாயில்லை! சந்தையில் வெற்றிலைக் கட்டு விலை பேசுகிற அதே மூளை. திங்கட்கிழமைச் சந்தைக்கு அந்த மூளை சரி. மூன்று வயதுக் குழந்தைக்கு ஆகாது.

சிங்கப்பூர், மலேசியா கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பேக்கேஜ்காரர் "காலை 8 மணிக்கு எல்லோரும் லாபியில் இருக்கணும்" என்றால் பிள்ளையின் உடம்புக்கு அப்போது விடிகாலை 5.30. லாபிக்கு வர வேண்டுமென்றால் நாலரைக்கு எழுப்ப வேண்டும். ஐந்து பேரையும். எழுப்பி, பல் விளக்கி, குளிப்பாட்டி, ஊட்டி. அந்தியூரில் நாலரைக்கு எழுப்பினால் எந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே எழும்? அங்கே மட்டும் எழவில்லை என்று அடி விழுகிறது. "இவ்வளவு காசு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்ற வசனத்தோடு.

நாலாம் நாள் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ். ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நடுவில் இரண்டு நாட்டுக் குடியேற்றச் சோதனை, இரண்டு தடவை இறங்க வேண்டும். தூங்கின பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் ஒன்பது பத்துப் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பது டூரா, தண்டனையா? அடுத்த நாள் பத்துமலை. 272 படி. 2006ல் வைத்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலை கண்ணுக்கு விருந்துதான். ஆனால் மேலே ஏறும்போது குழந்தைகளில் பாதி இடுப்பில் இருக்கும், கையில் இருக்கும் வாழைப்பழம் குரங்கிடம் இருக்கும். அன்று மதியமே கெந்திங். சாயங்காலமே ஷாப்பிங். ராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். உடனே தீர்ப்பு: "சின்னப் புள்ளைங்களக் கூட்டிட்டு வரவே கூடாதுங்க."

பதினெட்டு இடத்தில் பதினைந்தை அடித்துவிட்டு ஒரே ஊரில் நாலு நாள் இருங்கள், எந்தப் பிள்ளையும் படுத்தாது. சிங்கப்பூர் என்றால் சிங்கப்பூர் மட்டும். அங்கே நேரத்தைப் பிள்ளைகளே நிரப்பிக்கொள்வார்கள். வடகிழக்கு ரயில் பாதை 2003ல் திறந்தது. அதில் டிரைவர் கிடையாது. முதல் பெட்டியில் முன் கண்ணாடியோரம் நின்றால் சுரங்கம் முழுக்கத் தெரியும். லிட்டில் இந்தியா வழியாகத்தான் போகிறது. ஐந்து பிள்ளைகளை அங்கே நிறுத்திவிட்டால் ஒரு மணி நேரம் சத்தம் வராது. 90 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குக் கட்டணமும் இல்லை. கரையோரப் பூந்தோட்டத்தில் தண்ணீர் விளையாட்டோடு ஒரு சிறுவர் தோட்டம் இருக்கிறது, நுழைவு இலவசம். தாவரவியல் பூங்காவில் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் என்று ஒன்று, 2007ல் திறந்தது. அதில் ஒரு விதி உண்டு. கூட ஒரு குழந்தை இல்லாமல் பெரியவர்கள் உள்ளே போக முடியாது! நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தியில் குழந்தைகளை எழுப்பிவிட்டு இடம் பிடிக்கிற பெரியவர்களை அந்த வாசலில் ஒரு நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

காசு வாங்கும் பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்களில் பல ராட்டினங்களுக்கு உயர வரம்பு இருக்கிறது. மூன்று வயதும் ஐந்து வயதும் வெளியேதான் நிற்கும். இது தெரியாமல் முதல் நாளே ஓடிப் போய் டிக்கெட் எடுப்பதும், உள்ளே போய் ஏமாந்த பிள்ளை உருண்டு புரண்டு அழுவதும், அதற்கும் பிள்ளைக்கே திட்டு விழுவதும்... என்ன நியாயம்?

இன்னொன்று. ஸ்கூலில் தமிழில் பேசினால் ஃபைன் கட்டுகிற பிள்ளை சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் தமிழ்ப் பலகையைப் பார்க்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஏழு வயதுக்கு அது சாதாரண விஷயமில்லை. தமிழ் இன்னொரு நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதை எந்தப் பாடப் புத்தகமும் இப்படி மண்டையில் ஏற்றாது.

இப்போது யாரும் வாய் திறக்காத கணக்குக்கு வருவோம். இந்த டூரில் உண்மையில் டூர் போனவர் யார்?

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே வீட்டுப் பெண்களுக்கு வேலை தொடங்கிவிடும். பருப்புப்பொடி இடிக்க, புளிக்காய்ச்சல் கிண்ட, முறுக்கு சுட. பெட்டியில் குட்டி ரைஸ் குக்கர். ஏனென்றால் மாமாவுக்கு ராத்திரி அரிசியும்பருப்பும் இல்லாமல் தூக்கம் வராது. (பிள்ளைகளுக்காக என்று சொல்வார்கள். பிள்ளைகள் அங்கே நூடுல்ஸ் கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருக்கும்.) அம்மாயியையும் கூட்டிப் போவார்கள். "பாவம், அவங்களும் ஒரு தடவை பிளேன்ல ஏறட்டும்" என்று பாசத்தோடு. போனபின் அம்மாயி எங்கே இருப்பார்? பூங்கா வாசல் பெஞ்சில், ஒரு கையில் பால் புட்டி, இன்னொரு கையில் தூங்குகிற குழந்தை, சுற்றிலும் எல்லோருடைய பைகளும். ஆள் வைத்தால் சம்பளம் தர வேண்டும். அம்மாயிக்கு டிக்கெட் போட்டால் போதும்.

அம்மாக்கள் கதையும் அதேதான். ஊரில் பார்க்கிற அத்தனை வேலையும் அங்கேயும் உண்டு. வாஷிங் மெஷின் மட்டும் இருக்காது. ஆண்கள் ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். ஃபோட்டோவில் அம்மா ஒன்று இருக்க மாட்டார், அல்லது ஓரத்தில் குனிந்து யாருக்கோ ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். திரும்பி வந்து "குழந்தைங்களோட ரொம்பக் கஷ்டமுங்க" என்று மண்டியில் உட்கார்ந்து சொல்பவர் அந்த ஏழு நாளில் ஒரு டயப்பர் மாற்றியிருப்பாரா? கஷ்டப்பட்டவர் பேசவே இல்லை. கஷ்டப்படாதவர் தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தீர்ப்பைக் கேட்டு இன்னொரு வீடு தன் பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்காமல் விட்டுவிடுகிறது.

இதற்கு ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். ஒரு நாள் ஐந்து பிள்ளைகளும் மூன்று அப்பாக்களின் பொறுப்பு, அம்மாக்களும் அம்மாயியும் தனியாகச் செராங்கூன் சாலையில் சுற்றட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கர் அந்தியூரிலேயே இருக்கட்டும். லிட்டில் இந்தியாவில் இட்லியும் சாப்பாடும் கிடைக்காமல் யாரும் பட்டினி கிடந்து செத்ததில்லை.

"சின்னக் குழந்தைக்கு விமானம் ஆகாதுங்க" என்ற பேச்சும் உண்டு. இறங்கும்போது காதில் அழுத்தம் ஏறும், அதனால்தான் கத்தும். அந்த நேரத்தில் பாலோ தண்ணீரோ கொடுத்தால், விழுங்க விழுங்கச் சரியாகிவிடும். 12 வயது வரையுள்ள பிள்ளையை அப்பா அம்மாவில் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் நம் விமானக் கம்பெனிகளுக்கு டிஜிசிஏ உத்தரவே போட்டிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே பிஎன்ஆரில் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சல் வந்துவிட்டால் என்ன செய்வது என்பது நியாயமான பயம். வெளிநாட்டில் ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது, பயண இன்ஷூரன்ஸ் எடுக்காமல் கிளம்பக் கூடாது. ஆனால் நாலரை மணி நேர விமானத்துக்குப் பயப்படுகிற இதே ஆட்கள் இதே பிள்ளைகளை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பாட்டுப் போட்டு, வழியெல்லாம் வாந்தி எடுக்க வைத்துத் திருச்செந்தூர் போகிறார்களே, அப்போது இந்தக் கரிசனம் எங்கே போகிறது?

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா என்று ஒரு கப்பல் ஓடியது. 1926ல் கட்டியது, எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. தஞ்சாவூர்க்காரரும் திருச்சிக்காரரும் கைக்குழந்தையும் தகரப் பெட்டியுமாக அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, நாள்கணக்கில் வங்காள விரிகுடாவைக் கடந்தார்கள். அவர்கள் போனது பிழைப்புக்கு. ஜூரோங்கிலும் கிள்ளானிலும் இன்றைக்கு இருக்கிற தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் அப்படி மடியில் போனவர்கள்தான். அந்தக் குழந்தைகள் தாங்கியதை ஏசி விமானத்தில் போகிற குழந்தை தாங்காதாம்.

கடைசியாக வரும் அஸ்திரம், "முதல்ல நம்ம ஊரப் பாருங்க, பொறவு வெளிநாடு போலாம்." அருமையான வார்த்தை. பர்கூர் மலை இருக்கிறது, வரட்டுப்பள்ளம் அணை இருக்கிறது, ஆடி மாதம் வந்தால் புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை இருக்கிறது. இதைச் சொல்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். பர்கூர் மாடு எப்படி இருக்கும் என்று உங்கள் பேத்திக்குத் தெரியுமா? மலைக்குக் கடைசியாக எப்போது பிள்ளைகளோடு போனீர்கள்? பதில் வராது. நம்ம ஊரைக் காட்டுகிறவர்கள் வெளிநாட்டைத் தடுப்பதில்லை. தடுக்கிறவர்கள் இரண்டையும் காட்டுவதில்லை. ஆடித் திருவிழாவில் அத்தனை லட்சம் கூட்டத்தில் கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு குதிரை காட்டும்போது, "இதுக்கு என்ன தெரியப் போகுது" என்று எந்த அப்பாரும் கேட்டதில்லை. தெரியும் என்று அவருக்கே தெரியும்.

போவது என்று முடிவு செய்தவர்கள் முதலில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் ஆஸ்பத்திரியில் பதிந்ததோடு சரி, குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாகவே கிடக்கும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம், வேறு எதுவும் செல்லாது. இனிஷியலை விரித்து எழுதும்போது அஞ்சு பிள்ளைக்கு மூன்று அப்பா பெயர் வரும். ஆதாரில், ஸ்கூல் சர்டிபிகேட்டில், அப்பாவின் பாஸ்போர்ட்டில் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்கவே ஒரு மாதம் ஆகும். அதற்குள் பெரியப்பா இன்னொரு தடவை வந்து "புத்தி தெரிஞ்ச பொறவு" என்று ஆரம்பித்தால், மூத்தவனுக்கு வயது எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.